சொந்த ஆளைச் சுடும் கணம்: அயர்லாந்து விடுதலைப் போரும் திரைப்படமும்



அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்தையும் அதன் பின்னாலேயே வந்த உள்நாட்டுப் போரையும் காட்டும் திரைப்படங்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். உங்கள் முன் வைக்கப்போவது ஒரே ஒரு கருத்துதான். அடிமைப்பட்ட நாட்டின் வீரன் அந்நியச் சிப்பாயைச் சுடும் காட்சியை எடுப்பது எளிது. பார்ப்பவர்களின் நெஞ்சு நிமிரும், அரங்கில் கைதட்டல் எழும். அதே வீரன், தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனைச் சுடும் காட்சியை எடுப்பது கடினம். அங்கே கைதட்ட யாருக்கும் மனம் வராது. ஒரு விடுதலைப் படம் எவ்வளவு உண்மையானது என்று உரசிப் பார்க்கும் உரைகல் இந்த இரண்டாவது காட்சிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. கிளர்ச்சியாளர்கள் டப்ளின் தலைமை அஞ்சலகத்தைக் கைப்பற்றி அயர்லாந்தைக் குடியரசாக அறிவித்தார்கள். ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷ் படை அந்த எழுச்சியை அடக்கியது. மே மாதத்தில் தலைவர்களை ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொன்றார்கள். காயத்தால் எழுந்து நிற்க முடியாத தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். எழுச்சியின்போது ஒதுங்கி நின்ற மக்களை இந்தத் தண்டனைகள் போராளிகளின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தன. 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ ஷின் ஃபெயின் கட்சி வென்றது. வென்றவர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்து, 1919 ஜனவரியில் டப்ளினிலேயே 'டாயில்' என்ற தங்கள் சொந்த மன்றத்தைக் கூட்டினார்கள். அடுத்த இரண்டரை ஆண்டுகள் கொரில்லாப் போர் நடந்தது. 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்று மக்கள் பெயரிட்ட பிரிட்டிஷ் துணைக் காவலர்கள் ஊர்களை எரித்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

நம் நாட்டோடும் அந்தப் போராட்டத்துக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூரிலிருந்து 1913-இல் சட்டம் படிக்க டப்ளின் போன ஓர் இளைஞர், கிளர்ச்சியாளர்களோடு உறவு வைத்திருந்தார் என்ற சந்தேகத்தில் 1916-இல் வெளியேற்றப்பட்டார். பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான வி.வி. கிரிதான் அவர். அதே 1916-இல் அடையாறிலிருந்து அன்னி பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கம் தன் பெயரையே அயர்லாந்திடமிருந்துதான் எடுத்துக்கொண்டது.

1921 ஜூலை 11-இல் சண்டை நின்றது. டிசம்பர் 6-இல் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அயர்லாந்துக்குக் கிடைத்தது முழுக் குடியரசு அல்ல, பேரரசுக்குள் ஒரு தன்னாட்சி நாடு. அதன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு இருக்கும். இதை ஏற்பதா, மறுப்பதா? 1922 ஜனவரி 7-இல் டாயில் வாக்களித்தது. ஏற்றவர்கள் 64, எதிர்த்தவர்கள் 57. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் ஒரு பக்கம் நின்றார், ஈமன் டி வலேரா மறுபக்கம் நின்றார். ஜூன் 28-இல், பிரிட்டிஷாரிடம் கடன் வாங்கிய பீரங்கிகளைக் கொண்டு புதிய அரசு டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த தன் பழைய தோழர்களைத் தாக்கியது. ஆகஸ்ட் 22-இல் காலின்ஸே தன் சொந்த மாவட்டமான கார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1923 மே மாதத்தில் போர் ஓய்ந்தது.

இந்தப் பங்காளிச் சண்டையின் கொடுமையை இரண்டு செய்திகள் சொல்லும். விடுதலைப் போரின் 1920, 1921 ஆண்டுகளில் பிரிட்டிஷார் மரண தண்டனை நிறைவேற்றிய போராளிகள் 24 பேர். உள்நாட்டுப் போரில் அயர்லாந்தின் சொந்த அரசு அப்படிக் கொன்றவர்கள் 77 பேருக்குக் குறையாது. இது முதல் செய்தி. இரண்டாவது இன்னும் நெருக்கமானது. கெவின் ஓஹிக்கின்ஸின் 1921 திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர், பின்னாளில் ஒப்பந்தத்தை எதிர்த்த ரோரி ஓகானர். 1922 டிசம்பர் 8-இல், ஓஹிக்கின்ஸ் உறுப்பினராக இருந்த அமைச்சரவையின் ஒப்புதலோடு ஓகானர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு திரைக்கதை ஆசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்போம். நடந்தது இதுதான்.

இனி படங்களுக்கு வருகிறேன். விடுதலைப் போரைப் பற்றிய தொடக்க காலப் படங்களில் முக்கியமானது 1926-இல், ஈஸ்டர் எழுச்சியின் பத்தாம் ஆண்டில் வெளியான 'ஐரிஷ் டெஸ்டினி' என்ற மௌனப்படம். டப்ளின்காரரான ஐசக் எப்பெல் எழுதித் தயாரித்தார். கார்க் நகரமும் டப்ளின் கஸ்டம் ஹவுஸும் எரிந்தபோது எடுத்த உண்மையான செய்திப்படத் துண்டுகளைக் கதைக்குள் இணைத்தார். பிரிட்டன் அதைத் தடை செய்தது. பிரதியே இல்லை என்று பல பத்தாண்டுகள் நினைத்திருந்தார்கள். கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அது கிடைத்து, மீட்டெடுக்கப்பட்டது. அடுத்து 1936-இல் கில்லார்னி ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருந்த டாம் கூப்பர், தன் ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து 'தி டான்' என்ற படத்தை எடுத்தார். ஒரு குடும்பத்தின்மேல் பாட்டன் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் காட்டிக்கொடுத்த பழிதான் அதன் கதை. இரண்டுமே துணிச்சலான முயற்சிகள். இரண்டும் எடுத்துக்கொண்ட களம் ஆங்கிலேயருக்கு எதிரான போர்தான்.

காட்டிக்கொடுப்பவன் என்ற பாத்திரத்தை உலகெங்கும் பிரபலமாக்கியது ஹாலிவுட். அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஜான் ஃபோர்டு, லியாம் ஓஃப்ளாஹர்ட்டியின் நாவலை வைத்து 1935-இல் 'தி இன்ஃபார்மர்' படத்தை எடுத்தார். கைப்போ நோலன் என்ற வறியவன் 20 பவுனுக்காகத் தன் நண்பனைப் போலீசிடம் காட்டிக்கொடுக்கிறான். ஓர் இரவுக்குள் பணமும் கரைகிறது, உயிரும் போகிறது. டப்ளின் தெருக்களை ஃபோர்டு ஸ்டுடியோவுக்குள்ளேயே பனிமூட்டம் போட்டு உருவாக்கினார். இயக்கம், நடிப்பு, திரைக்கதை, இசை என்று நான்கு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. இங்கே ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். நாவலில் கைப்போவைத் துரத்துவது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஒரு புரட்சி அமைப்பு. அங்கே அயர்லாந்துக்காரர்களை ஆள்வது அயர்லாந்துக்காரர்களே. படமோ பிரிட்டிஷ் சிப்பாய்கள் தெருவில் ரோந்து வரும் காலத்துக்குக் கதையை நகர்த்திவிட்டது. பார்வையாளருக்கு எதிரி யார் என்று உடனே தெரிந்துவிடுகிறது. அந்த வசதிக்காகக் கதையின் கசப்பில் பாதியைப் படம் இழந்தது.

நாடக மேடை இப்படித் தயங்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டு ஆகுமுன்பே, 1924 மார்ச்சில், ஷான் ஓகேசியின் 'ஜூனோ அண்ட் த பேகாக்' டப்ளினின் அபே அரங்கில் ஏறியது. தோழனைக் காட்டிக்கொடுத்த ஜானி பாய்லைப் பழைய தோழர்களே வீட்டிலிருந்து இழுத்துப் போகிறார்கள். அந்த நாடகத்தை 1930-இல் படமாக்கியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். உள்நாட்டுப் போரைத் தொட்ட அந்த முக்கியமான படம் ஓர் ஆங்கிலேயர் கையால் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது.

அயர்லாந்து ஏன் தானே பேசவில்லை? தோற்றவர்களும் வென்றவர்களும் ஒரே தெருவில், ஒரே தேவாலயத்தில் தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது. அந்தப் போரின் இரண்டு அணிகளிலிருந்தும் பிறந்த ஃபியன்னா ஃபோயில், ஃபினே கேல் ஆகிய கட்சிகள்தான் பல பத்தாண்டுகள் நாட்டை மாறி மாறி ஆண்டன. அவை இரண்டும் முதன்முதலாக ஒரே ஆட்சியில் கூட்டணி சேர்ந்தது 2020-இல். 1923-லிருந்து திரைப்படத் தணிக்கையும் கடுமையாக இருந்தது. 1959-இல் ஜார்ஜ் மாரிசன் பழைய செய்திப்படச் சுருள்களைத் தேடித் தொகுத்து, ஐரிஷ் மொழியில் 'மிஷெ ஏய்ரெ' என்ற முழுநீள ஆவணப்படத்தை வெளியிட்டார். ஷான் ஓ ரியாடாவின் இசை நாட்டையே சிலிர்க்க வைத்தது. 1961-இல் வந்த அடுத்த பகுதியான 'சீர்ஷா' விடுதலைப் போரைச் சொல்லிவிட்டு, உள்நாட்டுப் போரின் வாசலில் நின்றுவிட்டது.

அந்த மௌனத்தின் ஆழத்தை ஸ்டீஃபன் ஃபுல்லரின் வாழ்க்கை காட்டும். 1923 மார்ச் 7-இல் கெர்ரி மாவட்டத்தின் பாலிசீடியில் ஒன்பது கைதிகளை ஒருவரோடு ஒருவர் பிணைத்து, கண்ணிவெடியைச் சுற்றி நிறுத்தி வெடிக்க வைத்தார்கள் அரசுப் படையினர். அரசுச் சிப்பாய்கள் ஐவர் அதற்கு முந்தைய நாள் கண்ணிவெடியில் செத்ததற்குப் பழிவாங்கல் அது. எட்டுப் பேர் இறந்தார்கள். வெடியின் வேகத்தில் தூக்கி எறியப்பட்ட ஃபுல்லர் மட்டும் பிழைத்தார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். மேடையில் இதைச் சொல்லி ஓட்டுக் கேட்கவில்லை. 1980-இல், ராபர்ட் கீயின் தொலைக்காட்சி வரலாற்றுத் தொடருக்காகத்தான் கேமராவின் முன் அமர்ந்து நடந்ததைச் சொன்னார். இடையில் 57 ஆண்டுகள் ஓடிவிட்டன.

1996-இல் மௌனத்தைப் பெரும் திரையில் உடைத்தவர் நீல் ஜோர்டன். 'மைக்கேல் காலின்ஸ்' திரைக்கதையைப் பத்தாண்டுக்கும் மேலாகக் கையில் வைத்திருந்தார். 1995-இல், வடக்கு அயர்லாந்தில் போர்நிறுத்தம் நிலவிய இடைவெளியில் படப்பிடிப்பு நடந்தது. கூட்டக் காட்சிகளுக்கு டப்ளின் மக்கள் ஆயிரக்கணக்கில் தாங்களாகவே வந்து நின்றார்கள். லியாம் நீசன் காலின்ஸாகவும், ஆலன் ரிக்மன் டி வலேராவாகவும் நடித்தார்கள். வெனிஸ் விழாவில் படத்துக்குத் தங்கச் சிங்கமும் நீசனுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. இளையோரும் பார்க்கட்டும் என்று அயர்லாந்துத் தணிக்கையாளர் தளர்வான சான்றிதழ் கொடுத்தார். ஒரு தலைமுறை தன் வரலாற்றை வீட்டில் உட்கார்ந்து பேசத் தொடங்கியது இந்தப் படத்தால்தான். அந்தப் புகழ் ஜோர்டனுக்கு உரியது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1920 நவம்பர் 21 காலையில் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைக் கொன்றார்கள். அன்று பிற்பகல் குரோக் பார்க் மைதானத்தில் காற்பந்து பார்க்க வந்த மக்கள்மேல் காவலர்கள் சுட்டதில் 14 பேர் உயிரிழந்தார்கள். டிப்பரரி அணி வீரர் மைக்கேல் ஹோகனும் அவர்களில் ஒருவர். படத்தில் ஒரு கவச வண்டி மைதானத்துக்குள் புகுந்து வீரர்களைச் சுடுகிறது. அப்படி எந்த வண்டியும் உள்ளே போகவில்லை. நடந்த கொடுமையே போதுமானது, கூட்டிச் சொல்லத் தேவை இல்லை. டப்ளின் காவல்துறைக்குள் இருந்தே காலின்ஸுக்குத் தகவல் கொடுத்த நெட் பிராய் படத்தில் சித்திரவதையில் சாகிறார். உண்மையில் அவர் விடுதலைக்குப் பின் நாட்டின் காவல்துறைத் தலைவராகி, 1972 வரை வாழ்ந்தார். காலின்ஸின் சாவில் டி வலேராவுக்குப் பங்கு இருப்பதுபோல் படம் விடும் சாடைக்கு ஆதாரம் இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை வேறு. லண்டனில் ஒப்பந்தம் பேசப்பட்ட நாட்களைப் படம் தாண்டிவிடுகிறது. போர் மிரட்டலின் கீழ் ஐந்து பேர் கையெழுத்திட்ட அந்த அறைதான் உள்நாட்டுப் போரின் கருவறை. அது இல்லாததால் பிளவு இரண்டு தலைவர்களின் மனக்கசப்பாகவும், ஒரே பெண்ணை விரும்பிய இரண்டு நண்பர்களின் துயரமாகவும் சுருங்குகிறது. ஆனாலும் என் உரைகல்லில் ஜோர்டன் ஒரு கோடு பொன்னாகவே இழுக்கிறார். தன் உயிர்த்தோழன் ஹாரி போலண்டின் உடலைப் பார்க்க வரும் காலின்ஸ், சுட்ட இளம் சிப்பாயிடம் விசாரிக்கிறார். அவன் எதிரணிக்காரன் என்கிறான் சிப்பாய். இல்லை, அவன் நம்மவன் என்கிறார் காலின்ஸ். வரலாற்றில் போலண்ட் செத்த விதம் வேறு, ஸ்கெரீஸ் ஊரின் ஒரு விடுதியில் குண்டடிபட்டார். காட்சியின் சாரம் அதனால் பொய்யாகிவிடவில்லை.

இனி நான் அதிகம் மதிக்கும் படத்துக்கு வருகிறேன். 2006-இல் கென் லோச் இயக்கி, பால் லாவர்ட்டி எழுதிய 'தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி'. கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வென்ற படம். இதில் தலைவர்கள் யாரும் வருவதில்லை. 1920-இல் கார்க் மாவட்டத்துக் கிராமம் ஒன்று, டெடி, டேமியன் என்ற அண்ணன் தம்பி, அவர்களைச் சுற்றியுள்ள உழைக்கும் மக்கள், அவ்வளவுதான். கார்க்கிலேயே பிறந்த கிலியன் மர்ஃபி டேமியனாகவும், பாட்ரிக் டெலனி டெடியாகவும் வாழ்ந்திருக்கிறார்கள். லோச் கதையின் வரிசைப்படியே படமெடுப்பவர், நடிகர்களுக்கு முழுக் கதையையும் முன்னரே கொடுக்காதவர். ஆகவே அதிர்ச்சி வரும் இடங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் உண்மையான அதிர்ச்சிதான்.

டேமியன் மருத்துவம் படித்தவன், லண்டன் மருத்துவமனைக்குப் போகக் கிளம்பியவன். ரயில் நிலையத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களை ஏற்ற மறுக்கும் ஓட்டுநரையும் கார்டையும் அவர்கள் அடிப்பதைப் பார்த்து ஊரிலேயே தங்கிவிடுகிறான். 1920-இல் அயர்லாந்து ரயில் தொழிலாளர்கள் படையினரையும் ஆயுதங்களையும் ஏற்ற மறுத்து உண்மையிலேயே பல மாதங்கள் போராடினார்கள். எந்த நூலைவிடவும் அழுத்தமாக அந்தப் போராட்டத்தை இந்தச் சிறு காட்சி நினைவில் நிறுத்துகிறது.

படத்தின் அச்சு, கிறிஸ் ரைலி என்ற பண்ணையாள் சிறுவனின் மரணம். பண்ணை முதலாளியின் மிரட்டலுக்குப் பயந்து அவன் போராளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டான். தலைமையிடமிருந்து இருவருக்கும் மரண உத்தரவு வருகிறது. சிறுவனைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த டேமியன்தான் சுட வேண்டும். முதலாளிக்குப் பக்கத்தில் தன்னைப் புதைத்துவிடக் கூடாது என்று சிறுவன் கேட்டுக்கொள்கிறான். உயிரைக் காக்கப் படித்தவன் துப்பாக்கியை உயர்த்துகிறான். பிறகு அந்தத் தாயைக் கல்லறைக்கு அழைத்துப் போனதையும், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னதையும் காதலி ஷினேடிடம் சொல்கிறான். இந்தக் கொலையை லோச் வீரச்செயலாகவும் காட்டவில்லை, வெறும் குற்றமாகவும் காட்டவில்லை. அதற்கான விலையை டேமியன் கடைசி மூச்சுவரை கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.

இன்னொரு காட்சி, போராளிகள் நடத்தும் மக்கள் நீதிமன்றம். ஏழைப் பெண் ஒருத்தியிடம் அநியாய வட்டி வாங்கிய வியாபாரிக்கு எதிராகப் பெண் நீதிபதி தீர்ப்பளிக்கிறார். டெடி குறுக்கே வந்து அவனை அழைத்துப் போய்விடுகிறான். காரணம், ஆயுதம் வாங்கப் பணம் தருபவன் அவன். ஏழைக்கு நீதி முதலா, துப்பாக்கி முதலா என்று அங்கேயே வாக்குவாதம் வெடிக்கிறது. லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அண்ணனும் தம்பியும் பிரிந்துவிட்டார்கள். உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்பதற்கு இவ்வளவு தெளிவான விடையை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. கொடியை மாற்றினால் போதுமா, நிலமும் கூலியும் யாருக்கு என்பதையும் மாற்ற வேண்டுமா என்பதுதான் அந்தச் சண்டை.

முடிவில் டெடி அரசுப் படையின் சீருடையில் வருகிறான். ஆயுதங்களைப் பதுக்கிய இடத்தைச் சொன்னால் உயிரோடு விடுவதாகத் தம்பியிடம் மன்றாடுகிறான். காட்டிக்கொடுத்ததற்காகக் கிறிஸைச் சுட்டவன் எப்படிக் காட்டிக்கொடுப்பான்? டேமியன் மறுக்கிறான். விடியலில் அண்ணனே சுட உத்தரவிடுகிறான். டேமியனின் கடைசிக் கடிதத்தோடு வரும் டெடியிடம் ஷினேடும், கிறிஸின் தாய் டேமியனிடம் சொன்னதையே சொல்கிறாள்: இனி உன்னைப் பார்க்கவே விரும்பவில்லை. ஒரே சாபம் இரண்டு சகோதரர்களையும் சேர்கிறது. இருவரும் சொந்த ஆளைச் சுட்டவர்கள்.

இந்தப் படத்துக்கும் சாய்வு உண்டு. ஒப்பந்தத்தை ஏற்றவர்களின் வாதம், அதாவது களைத்துப்போன மக்களுக்கு முதலில் மூச்சுவிட இடம் வேண்டும் என்பது, ஒலிக்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு, படத்தின் இதயம் டேமியனோடுதான் நிற்கிறது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் சில லோச்சைத் தேசத் துரோகி அளவுக்கு ஏசின. கடந்த காலத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னால்தான் நிகழ்காலத்தைப் பற்றியும் சொல்லத் துணிவோம் என்று, ஈராக் போரை மனத்தில் வைத்து அவர் பதில் சொன்னார்.

2022-இல் மார்ட்டின் மெக்டொனா எடுத்த 'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' வேறு வழியில் போகிறது. 1923, ஒரு கற்பனைத் தீவு. இரண்டு நண்பர்களில் ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொள்கிறார். எதிர்க்கரையில் பீரங்கி ஒலிக்கிறது. மரண தண்டனைக்குக் காவலுக்குப் போகும் போலீஸ்காரருக்கு யார் யாரைச் சுடப்போகிறார்கள் என்பதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. நேற்றுவரை நண்பர்களாக இருந்தவர்கள் எப்படி எதிரிகள் ஆனார்கள் என்பதற்கு உருவகமாக அந்தப் படம் நன்று. ஏன் ஆனார்கள் என்று தெரிய லோச்சிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

இன்னும் எடுக்கப்பட வேண்டிய படங்களும் உண்டு. 1922-இல் டாயிலில் இருந்த ஆறு பெண் உறுப்பினர்களும் ஒப்பந்தத்தை எதிர்த்தே வாக்களித்தார்கள். அவர்களில் பலர் 1916 முதலான போராட்டத்தில் கணவரையோ மகனையோ சகோதரனையோ இழந்தவர்கள். அவர்களை நடுவில் வைத்து ஒரு பெரிய படம் வர வேண்டும். 'மைக்கேல் காலின்ஸ்' படத்தில் பெண்ணுக்குக் கிடைப்பது காதலியின் இடம் மட்டுமே. ஷினேட் தூது போகிறாள், நீதிமன்றத்தில் வேலை செய்கிறாள், ஆனால் கதையைத் திருப்பும் முடிவுகளை ஆண்கள்தான் எடுக்கிறார்கள். பாலிசீடி இன்னும் ஒரு பெரும் கதைப்படமாகவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'தி இன்ஃபார்மர்', 'மைக்கேல் காலின்ஸ்', 'தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி' ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். 1935-இல் ஓர் இரவின் குற்ற உணர்வாக இருந்தது, 1996-இல் இரண்டு நண்பர்களின் துயரமாகிறது, 2006-இல் ஒரு சமூகம் முழுவதையும் பிளக்கும் கேள்வியாக விரிகிறது. பிறகு எந்த நாட்டின் விடுதலைப் படத்தைப் பார்த்தாலும், அந்நியனை எத்தனை பேர் சுட்டார்கள் என்று எண்ணாதீர்கள். சொந்த ஆளைச் சுட வேண்டி வந்த இடத்தில் அந்தப் படம் கேமராவைத் திருப்பிக்கொண்டதா, நேராகப் பார்த்ததா என்று கேளுங்கள். நேராகப் பார்த்த படம் மட்டுமே தன் மக்களுக்கு உண்மையாக இருக்கிறது.